கிரிபில்லியில் குடியிருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னித் துறைமுகப் பாலத்தின் வடக்கு முனையை ஒட்டியிருக்கும் கிரிபில்லியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் புருவம் உயரும். அடுத்த நிமிடம் கேள்விகள் தொடங்கிவிடும். மேற்கு சிட்னியில் இருக்கும் நம்மவர்கள், புதிதாக வேலைக்கு வந்தவர்கள், ஊரிலிருந்து பேசும் சொந்தங்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

கிரிபில்லி என்று ஓர் ஊரா? கேள்விப்பட்டதே இல்லையே, எங்கே இருக்கிறது?

படங்களில் ஓபரா ஹவுஸைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நேர் எதிர்க்கரையில் தண்ணீருக்குள் நீண்டிருக்கும் சின்ன நிலத்துண்டுதான் கிரிபில்லி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கக் கால் மணி நேரம் போதும். மேற்கே பாலமும் மில்சன்ஸ் பாயிண்ட் ரயில் நிலையமும், வடகிழக்கே படகுகள் நிறைந்த கரீனிங் கோவ் என்ற சிறு விரிகுடாவும் இருக்கின்றன. கடைத்தெரு என்றால் பிராட்டன் தெரு, ஃபிட்ஸ்ராய் தெரு, பாலத்தின் அணுகுசாலைக்கு அடியில் கடைகள் இருக்கும் எனிஸ் சாலை, அவ்வளவுதான். நிர்வாகம் நார்த் சிட்னி கவுன்சிலுடையது.

அங்கே இருப்பவர்கள் எல்லோருமே கோடீஸ்வரர்கள்தானே?

கோடீஸ்வரர்கள் இருக்கிறார்கள். ஆனால் இங்கே மாளிகைகளைவிடப் பிளாட்கள்தான் மிக அதிகம். அவற்றிலும் பல 1920, 30களில் கட்டிய, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள். மாத வருமானத்தில் வாடகை கட்டும் செவிலியரும் கணினிக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவற்றில் இருக்கிறார்கள். துணி துவைக்கப் பொது அறையும், பின்கட்டில் எல்லோருக்குமாக ஒரு சுழலும் கொடிக்கம்பமும் உள்ள கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. பக்கத்துக் கட்டடத்தில் ஒரே ஒரு மாடி முழுவதையும் பல மில்லியனுக்கு வாங்கியவர் இருப்பார்.

ஒரு காலத்தில் இந்தக் கரையில் சாதாரணக் குடும்பங்கள் நிறையவே இருந்தன. 1932 மார்ச் 19 அன்று திறந்த பாலத்துக்காக வடகரையில் நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். வீட்டு உரிமையாளர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர்கள் வெறுங்கையோடு வெளியேறினார்கள். இன்று நாம் காற்று வாங்கும் பிராட்ஃபீல்டு பூங்கா அந்தப் பாலத்தின் பொறியாளர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

வாடகை எவ்வளவு ஆகும், உண்மையைச் சொல்லுங்கள்?

இரண்டு படுக்கையறைப் பிளாட்டுக்கு வாரம் ஆயிரம் டாலர் கேட்டால் யாரும் வியப்படைவதில்லை. இது வாரக்கணக்கு என்பதைப் புதிதாக வந்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். வாரம் 900 டாலர் என்றால் நான்கால் பெருக்கி மாதம் 3,600 என்று நினைக்கக் கூடாது. 52 வாரத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 3,900 வரும்.

நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி பாண்ட் எனப்படும் முன்பணம் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அது உரிமையாளர் பையில் தங்காமல் அரசிடம் போய்ச் சேரும். வாடகையை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஏற்ற முடியாது. 2025 மே 19 முதல், காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்வதும் முடியாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இதெல்லாம் கனவு போலத்தான் இருக்கும்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

கார் இல்லாதவர்களுக்கென்றே அமைந்த இடம் இது. மில்சன்ஸ் பாயிண்டிலிருந்து பாலத்தைக் கடந்தால் அடுத்த நிறுத்தமே நகரின் நடுவிலுள்ள வின்யார்ட். ஹோல்புரூக் அவென்யூ படகுத்துறையில் ஃபெர்ரி ஏறினால் பத்து நிமிடத்துக்குள் நகரக் கரையிலுள்ள சர்குலர் கீ. நடக்க மனமிருந்தால் பாலத்தின் கிழக்கு ஓரமாக நடந்தே வேலைக்குப் போகலாம். மேற்கு ஓரம் சைக்கிள்களுக்கு. ஓபல் எனும் போக்குவரத்து அட்டையின் கட்டணத்துக்கு ஒரு நாள் உச்சவரம்பு உண்டு. வெள்ளி முதல் ஞாயிறு வரை அது இன்னும் குறைவு, ஃபெர்ரிக்கும் பொருந்தும்.

கார் வைத்திருப்பவர்தான் இங்கே அவதிப்படுவார். பழைய கட்டடங்களில் கார் நிறுத்தம் கிடையாது, தெருவோரம் நேரக்கட்டுப்பாடு, குடியிருப்போர் பெர்மிட் இருந்தாலும் இடம் காலியாக இருக்க வேண்டுமே. பாலத்தில் தெற்கு நோக்கிப் போகும்போது சுங்கம் உண்டு, திரும்பி வரும்போது இல்லை. வாடகை விளம்பரத்தில் கார் நிறுத்தம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்கும் மளிகைக்கும் என்ன செய்கிறீர்கள்?

இங்கே முருங்கைக்காய் கிடைக்காது. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு: மில்சன்ஸ் பாயிண்டில் நிற்கும் அதே டி1 ரயில் நகரைக் கடந்து மேற்கே பாரமட்டா, வெஸ்ட்மீட் வரை போகிறது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம், இறங்கி மாற வேண்டியதில்லை. மேய்ஸ் ஹில்லில் இருக்கும் சிட்னி முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி பக்கம் அரிசியும் மசாலாவும் வாங்கிக்கொண்டு திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். இருபது கிலோ அரிசி மூட்டையை ரயிலில் கொண்டுவந்து மூன்று மாடி ஏற்றிப் பாருங்கள். அதற்கடுத்த முறை ஐந்து கிலோப் பைதான் வாங்குவீர்கள்.

பிரதமர் வீடு பக்கத்திலேயே இருக்கிறதாமே, பார்க்க முடியுமா?

முனையில் இரண்டு வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று 1854 இல் கட்டிய கிரிபில்லி ஹவுஸ், பிரதமரின் சிட்னி இல்லம். மற்றது அட்மிரால்டி ஹவுஸ், கவர்னர் ஜெனரலின் சிட்னி இல்லம். பிரதமராக இருந்த ஜான் ஹோவர்ட் 1996 முதல் 2007 வரை கான்பராவைவிட இங்கேதான் குடும்பத்தோடு வசித்தார். 1988 நவம்பரில் அப்போதைய பிரதமர் பாப் ஹாக் தன் பதவியை நிதியமைச்சர் பால் கீட்டிங்குக்கு விட்டுக்கொடுப்பதாக இரகசிய உடன்பாடு செய்துகொண்டதும் இந்த வீட்டில்தான். உடன்பாடு பின்னர் முறிந்தது. "கிரிபில்லி உடன்பாடு" என்ற பெயர் மட்டும் ஆஸ்திரேலிய அரசியலில் நிலைத்துவிட்டது.

தெருவிலிருந்து பார்த்தால் சுவரும் கதவும் காவலரும்தான் தெரியும். ஃபெர்ரியின் இடப்பக்கமோ வலப்பக்கமோ முனையைப் பார்த்து உட்கார்ந்தால் இரண்டு வீட்டின் புல்வெளியும் நன்றாகத் தெரியும்.

அங்கே குடியேறினால் பையனுக்கு நார்த் சிட்னி பாய்ஸ் பள்ளியில் இடம் கிடைத்துவிடும் அல்லவா?

கிடைக்காது. இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ்ப் பெற்றோர் இல்லை, அதனால் நேராகவே சொல்கிறேன். நார்த் சிட்னி பாய்ஸ், நார்த் சிட்னி கேர்ள்ஸ் இரண்டுமே முழுக்க நுழைவுத் தேர்வுப் பள்ளிகள். பிளாக்டவுனிலிருந்து எழுதும் பிள்ளைக்கும் கிரிபில்லியிலிருந்து எழுதும் பிள்ளைக்கும் ஒரே தேர்வு. முகவரிக்கு மதிப்பெண் இல்லை. 2023 இல் நார்த் சிட்னி பாய்ஸ், ஜேம்ஸ் ரூஸ் பள்ளியைப் பின்னுக்குத் தள்ளி மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் முதலிடம் பிடித்ததிலிருந்து இந்தக் குழப்பம் கூடிவிட்டது.

கிரிபில்லியைச் சுற்றிக் கண்ணில் படும் சீருடைகள் செயின்ட் அலோய்சியஸ் கல்லூரி, லொரேட்டோ என்ற இரண்டு கத்தோலிக்கத் தனியார் பள்ளிகளுடையவை. அரசு ஆரம்பப் பள்ளிக்கு அக்கம்பக்கத்துக்குத்தான் போக வேண்டும். எந்தப் பள்ளி என்பது வீட்டு எண்ணைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கல்வித் துறை இணையதளத்தின் பள்ளி எல்லைத் தேடலில் முகவரியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஓபரா ஹவுஸ் தெரியும் பிளாட் ஒன்று கிடைத்திருக்கிறது. வாரத்துக்கு நூறு டாலர் அதிகம். எடுத்துவிடட்டுமா?

வீடு பார்க்கும்போது கையில் திசைகாட்டி இருந்ததா? இது தென்கோளம். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. கிரிபில்லியிலிருந்து பார்த்தால் ஓபரா ஹவுஸும் நகரமும் தெற்கே, தென்மேற்கே இருக்கின்றன. ஆக, விலையுயர்ந்த அந்த ஜன்னல்கள் எல்லாம் வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்பவை. ஜனவரியில் இது வரம். ஜூன், ஜூலையில் அதே கூடத்தில் பகலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காட்சியை ரசிக்க வேண்டியிருக்கும்.

குளிரைவிடப் பெரிய தொல்லை ஈரம். கடற்காற்று, தெற்குச் சுவர், பழைய செங்கல் மூன்றும் சேர்ந்தால் கரும்பூஞ்சணம் வராமல் போகாது. வீடு பார்க்கப் போகும்போது எல்லோரும் பால்கனிக்கு ஓடுவார்கள். நீங்கள் படுக்கையறைக்குப் போங்கள். தெற்குச் சுவரை ஒட்டிய அலமாரியைத் திறந்து, பின்பலகையில் உள்ளங்கையை வையுங்கள். சில்லென்று இருந்து, பழைய காகித வாடையும் அடித்தால் உங்கள் பட்டுப்புடவைகள் அங்கே பிழைக்காது. கூரை மூலையில் மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தால் ஏன் என்று முகவரிடம் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், கரீனிங் கோவ் பக்கமாக வடக்கு அல்லது வடகிழக்கு பார்த்த பிளாட்தான் புத்திசாலித்தனம். ஓபரா ஹவுஸ் தெரியாது. 1862 இல் தொடங்கிய ராயல் சிட்னி யாட் ஸ்குவாட்ரனின் பாய்மரக் கம்பங்கள் தெரியும், காலை வெயில் சமையலறை வரை வரும், வாடகையும் குறையும். ஓபரா ஹவுஸ் பார்க்க வேண்டுமென்றால் ஜெஃப்ரி தெருவின் கடைசிக்கு நடந்து போங்கள். திருமணப் படம் எடுக்கச் சிட்னி முழுவதும் இருந்து ஜோடிகள் வரும் இடம் அது. காசு கொடுக்க வேண்டியதில்லை. வாஸ்து பார்ப்பவர்களுக்கும் இதே பதில்தான்: நூல் எழுதியவர்கள் வெயிலை மனத்தில் வைத்துத்தான் திசை சொன்னார்கள், இங்கே அந்த வெயில் எதிர்த்திசையிலிருந்து வருகிறது.

தாளித்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடுமாமே?

வந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வகைக் கருவிகளைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பயமில்லை. உங்கள் பிளாட்டுக்குள் கூரையில் இருக்கும் புகை அலாரம் கத்தினால் காதுதான் வலிக்கும். பெரிய கட்டடங்களில் பொது நடைவழியில் இருக்கும் உணர்கருவி அப்படியில்லை. அது நேரே தீயணைப்புத் துறைக்குச் செய்தி அனுப்பிவிடும்.

வரமிளகாய் கருகிப் புகை சூழ்ந்ததும் நம் கை தானாகவே வாசற்கதவைத் திறக்கப் போகும். திறக்கவே கூடாது. புகை நடைவழிக்குப் போனால் இரண்டு வண்டிகள் வரும், கட்டடமே கீழே இறங்கித் தெருவில் நிற்கும், வீண் அழைப்புக்கான கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டும். கட்டட நிர்வாகம் அந்த ரசீதை உங்கள் பெயருக்குத் திருப்பலாம். ஜன்னலைத் திறங்கள், மின்விசிறியை ஜன்னல் பக்கம் திருப்புங்கள், வாணலியை மூடுங்கள். வீடு பார்க்கும்போதே அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கி வெளியே போகிறதா, அல்லது உறிஞ்சிய காற்றை நம் முகத்திலேயே ஊதுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பழைய பிளாட்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

தண்ணீர் ஓரம், அமைதியாக இருக்குமே?

தண்ணீர்தான் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பாலத்தில் ரயில் போகும் இரும்பதிர்வு, எதிர்க்கரையில் பயணக் கப்பல் கிளம்பும்போது ஊதும் சங்கு, கோடை இரவில் ஓபரா ஹவுஸ் முற்றத்துக் கச்சேரி எல்லாம் இங்கே கேட்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் லூனா பார்க் இருக்கிறது. ராட்டினம் இறங்கும்போது எழும் கூச்சலும் சேர்ந்ததுதான் இந்த வட்டாரம்.

அந்தக் கூச்சலுக்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1935 இல் திறந்த கேளிக்கைப் பூங்கா அது. 1979 ஜூனில் அதன் பேய் ரயிலில் தீப்பற்றி ஏழு பேர் இறந்தார்கள், ஆறு பேர் சிறுவர்கள். பல ஆண்டுகள் மூடிக்கிடந்து 1995 இல் புதிய ராட்சத ராட்டினத்தோடு மீண்டும் திறந்தபோது, சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தினர் வழக்குப் போட்டார்கள். நேரக்கட்டுப்பாடு வந்தது, கூட்டம் குறைந்தது, அடுத்த ஆண்டே பூங்கா மூடியது. 2004 இல் மறுபடியும் திறந்தபோது மறுபடியும் வழக்கு. இந்த முறை மாநில அரசு 2005 இல் தனிச் சட்டமே கொண்டுவந்து, சத்தத்துக்கு ஒரு வரம்பை வகுத்து, அதற்குள் இருக்கும்வரை வழக்குப் போட முடியாதபடி செய்துவிட்டது. ராட்டினத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டு ராட்டினம் சுற்றுகிறதே என்று குறைப்படுபவர்களிடம் எனக்கு அவ்வளவாக அனுதாபம் இல்லை. தூக்கம் லேசானவர்கள் பாலத்தை ஒட்டிய தெருக்களைத் தவிர்த்துக் கிழக்கே தள்ளிப் பாருங்கள்.

கூட்டம் எப்போது அதிகம்?

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை மெக்டூகல் தெருவில் ஜக்கராண்டா மரங்கள் ஊதாவாகப் பூக்கும். படம் எடுக்க வருபவர்கள் நடுரோட்டில் நிற்பார்கள். அந்தத் தெருவில் காரை எடுப்பதை அந்த இரு வாரம் மறந்துவிடலாம். மாதத்தின் நான்காம் சனிக்கிழமை பர்ட்டன் தெருச் சுரங்க வழியில் சந்தை கூடும். புத்தாண்டு இரவுக்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

வாடகை கொடுப்பதற்குப் பதில் சின்னதாக ஒன்றை வாங்கிவிடலாமே?

சின்னது என்றாலும் பத்து லட்சம் டாலர் சாதாரணமாகத் தாண்டும். அதற்கு முன் விசாவைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை, தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டிய வீடுகளை வாங்க மத்திய அரசு தடை விதித்தது. கிரிபில்லியில் புதுக்கட்டடம் அரிது என்பதால், நிரந்தர வசிப்புரிமை வரும்வரை பேச்சே வேண்டாம்.

அடுத்தது, நீங்கள் வாங்குவது உண்மையில் எதை என்பது. 1961 இல் நியூ சவுத் வேல்ஸ் ஸ்ட்ராட்டா சட்டம் கொண்டுவந்தது. அதன்படி உங்கள் பிளாட்டுக்கு உங்கள் பெயரில் தனிப் பத்திரம் இருக்கும். அதற்கு முந்திய கட்டடங்கள் சில இன்றும் கம்பெனி முறையில் இருக்கின்றன. அங்கே கட்டடத்தின் உரிமையாளர் ஒரு நிறுவனம். நீங்கள் வாங்குவது அதன் பங்குகளையும் ஒரு பிளாட்டில் குடியிருக்கும் உரிமையையும். விலை மலிவாக இருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். வங்கிகள் தயங்கும், கூடுதல் முன்பணம் கேட்கும். இயக்குநர் குழு உங்களை நேர்காணல் செய்யலாம். வாடகைக்கு விடக் கூடாது என்றும் விதி இருக்கலாம்.

ஸ்ட்ராட்டா லெவி ஏன் அவ்வளவு அதிகம்? தோட்டக்காரருக்கு இவ்வளவா?

தோட்டக்காரர் பாவம். கட்டடப் பராமரிப்புக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் அந்தப் பணத்தில் பெரும்பங்கைத் தின்பது உப்புக்காற்று. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கி, பால்கனி விளிம்பு பாளம் பாளமாகப் பெயரும். தண்ணீரை ஒட்டிய கட்டடமென்றால் கடற்சுவரைப் பழுதுபார்க்கும் செலவும் உண்டு. வாங்கும் முன் ஸ்ட்ராட்டா ஆவண அறிக்கையைக் காசு கொடுத்து எடுத்து, கடந்த கூட்டக் குறிப்புகளில் "சிறப்பு லெவி" என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். லெவி வியக்கத்தக்க அளவில் குறைவாக இருந்தால், பழுதுகளைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

கவுன்சில் வரி தனி. 1936 இல் திறந்த நார்த் சிட்னி ஒலிம்பிக் நீச்சல் குளத்தை 2021 இல் இடித்துக் கட்டத் தொடங்கி, காலமும் செலவும் எகிறிப்போனது. கடன் சுமையில் கவுன்சில் 87 விழுக்காடு வரியேற்றம் கேட்டது; விலை நிர்ணயத் தீர்ப்பாயம் 2025 மே மாதம் மறுத்துவிட்டது.

வீட்டு வாசலிலேயே கடல். மீன் பிடித்துக் குழம்பு வைக்கலாமா?

பிடிப்பது வேறு, சாப்பிடுவது வேறு. ஹோம்புஷ் விரிகுடாப் பக்கம் பழைய இரசாயன ஆலைகள் விட்டுச்சென்ற டையாக்சின் துறைமுகத்தின் அடிமண்ணில் படிந்திருக்கிறது. 2006 இல் துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பையே நிறுத்திவிட்டார்கள். பாலத்துக்கு மேற்கே பிடித்ததைச் சாப்பிடவே வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. கிழக்கே, அதாவது நம் பக்கம், பொதுவாக மாதத்துக்கு 150 கிராம். ஒரு குழம்புக்கு அது காணாது. மீன் சந்தைக்குப் போய்விடுங்கள்.

குளிப்பதற்கும் இங்கே கடற்கரை இல்லை, பாறையும் சுவரும்தான். பெருமழை பெய்தால் மூன்று நாள் துறைமுகத் தண்ணீரில் இறங்கக் கூடாது. கோடையில் காளைச் சுறாக்கள் உள்ளே வருவதும் வழக்கம்.

புத்தாண்டு வாணவேடிக்கைக்கு நாங்கள் பத்துப் பேர் உங்கள் வீட்டுக்கு வரட்டுமா?

வாருங்கள், ஆனால் விருந்துக்கு வருவதுபோல் எட்டு மணிக்கு வர முடியாது. அன்று பகலிலேயே தெருக்கள் அடைபடும், நல்ல இடங்கள் காலையிலேயே நிரம்பும், ரயில் நிலையத்திலும் கட்டுப்பாடு இருக்கும். மதியத்துக்குள் வந்துவிட வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு கூட்டம் கலைய நேரமாகும், காலை இட்லி வரை தங்கும் எண்ணத்தோடு வாருங்கள். குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஒன்பது மணி வேடிக்கை போதும். வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய பால்கனியில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதை நிர்வாகத்திடம் கேளுங்கள். உப்புக்காற்று பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

முன்னால் இருப்பவர் மாடி எழுப்பி என் காட்சியை மறைத்தால் தடுக்க முடியுமா?

காட்சிக்குச் சட்டப்படி சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் கட்ட அனுமதி கேட்கும்போது காட்சியைப் பங்கிட்டுக்கொள்வது நியாயமா என்று பார்ப்பார்கள். 2004 இல் நிலம், சுற்றுச்சூழல் நீதிமன்றம் டெனாசிட்டி வழக்கில் வகுத்த நான்கு படிகள் இன்றும் அளவுகோல். முதலில், எந்தக் காட்சி: தண்ணீர் தெரிவது நிலத்தைவிட மேல், ஓபரா ஹவுஸ், பாலம் போன்ற அடையாளச் சின்னங்கள் அதைவிட மேல். இரண்டாவது, எங்கிருந்து தெரிகிறது: பக்கவாட்டு எல்லைக்கு மேலாகத் தெரிவதைக் காப்பது கடினம், உட்கார்ந்தபடி தெரிவதைக் காப்பதும் கடினம். மூன்றாவது, எவ்வளவு இழப்பு: கூடத்திலும் சமையலறையிலும் இழப்பது படுக்கையறையில் இழப்பதைவிடப் பெரிது. நான்காவது, கட்டுபவர் விதிக்குள் கட்டுகிறாரா, வேறு வடிவில் கட்டிக் காட்சியை விட்டுவைக்க முடியுமா.

மரம் மறைத்தால் இந்த வழி உதவாது. காட்சிக்காக மரத்துக்கு விஷம் வைக்கும் ஈனத்தனம் துறைமுகக் கரைகளில் தொடர்ந்து நடக்கிறது. 2023 இல் காசில் கோவ் என்ற பகுதியின் பொது நிலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டிவிட்டார்கள். சில கவுன்சில்கள் மரம் செத்த இடத்தில், அந்த உயரத்துக்கே பெரிய பதாகை கட்டிக் காட்சியை மறைக்கின்றன. சரியான தண்டனை.

நான் வெறும் வாடகைக்காரன். இதிலெல்லாம் எனக்குப் பேச்சு உண்டா?

உண்டு. கட்ட அனுமதி விண்ணப்பத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் கவுன்சிலுக்கு எழுதலாம். சொத்து உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதில்லை. அறிவிப்புக் காலம் பெரும்பாலும் 14 நாள்தான், கடிதம் உரிமையாளர் முகவரிக்குப் போய்விடவும் கூடும். கவுன்சில் இணையதளத்தில் உங்கள் தெருவின் விண்ணப்பங்களை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். எழுதும்போது உங்கள் கூடத்தில் உட்கார்ந்தபடி எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மேலே சொன்ன இரண்டாம், மூன்றாம் படிகளுக்கு அதுதான் சான்று.